மூணாவது மாடி மோகினி

அன்று மாலை என் வீட்டுக் கதவைத் தட்டியது யார்?

இந்தக் கேள்விக்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை. என் கணவரிடம் ஒரு பதில் இருக்கிறது. நாத்தனாரிடம் வேறொன்று இருக்கிறது. எங்கள் குடியிருப்பின் காவலாளி ஏழுமலை அண்ணனிடம் மட்டுமே ஐந்தாறு இருக்கும் (கேட்கிற ஆளைப் பார்த்து மாற்றிக்கொள்வார்). ஆனால் அந்தச் சத்தத்தைக் காதால் கேட்டவர்கள் இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று என் மகள் வெண்பா. அவளுக்கு அப்போது பேச்சு வரவில்லை. நான் சொல்வதை யாரும் நம்பவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்களே பாருங்கள்.

வெண்பா கைக்குழந்தையாக இருந்தபோது ஆவடியைத் தாண்டி வெள்ளானூரில் ஒரு புதிய அடுக்குமாடிக்கு வாடகைக்கு வந்தோம். பி பிளாக், மூன்றாவது மாடி. புதிது என்றால் அப்படியொரு புதிது. படிக்கட்டுச் சுவரில் சுண்ணாம்புகூடக் காயவில்லை. எங்கள் மாடியில் மற்ற வீடுகள் எல்லாம் விற்காமல் பூட்டிக் கிடந்தன. காற்று அடித்தால் அந்தக் காலி வீடுகளின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக முனகும். நெமிலிச்சேரிப் பக்கம் போகிற ரயிலின் ஊதல் அந்த வீடுகளுக்குள் நுழைந்து, சுற்றி, சற்றுத் தாமதித்துத்தான் என்னிடம் வரும்.

எங்களைக் குடிவைத்த பழைய காவலாளி அடுத்த வாரமே வேலையை விட்டுப் போய்விட்டார். புதிதாக வந்த ஏழுமலை அண்ணனிடம் யாரோ "பி பிளாக் மூணாவது மாடி காலி" என்று சொல்லிவிட்டார்கள். என் கணவர் பிரகாஷுக்குச் செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு கிடங்கில் வேலை. விடியும் முன் கிளம்பி, ஊர் சாப்பிட்டுப் படுத்த பிறகு திரும்புவார். எங்கள் பிளாக்கின் வண்டி நிறுத்துமிடத்தில் ஜல்லி கொட்டிக் கிடந்ததால் ஏ பிளாக்கில் வண்டியை நிறுத்துவார். எல்லோரும் அவரை ஏ பிளாக்காரர் என்றே நினைத்திருந்தார்கள். காய்கறி, பால், மருந்து எல்லாம் அவர் பையில் வந்துவிடும்.

ஆக, நான் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. அதைத் தெரிவிக்கும் வேலையை நானும் செய்யவில்லை.

நான் எம்.காம். படித்தவள். கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஷேர் ஆட்டோவில் பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டு போய் வந்தவள்தான். குழந்தை பிறந்த பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உறவில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தோம். "கழுத்தைப் பிடி", "இப்படியா தூக்குவாங்க", "பால் பத்தலையோ, இளைச்சிருக்கே" என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். எல்லாம் அக்கறைதான். வீட்டுக்கு வந்து குழந்தையை எப்படித் தூக்குவது என்று யோசித்தேன். யோசித்ததும் கை மறந்துவிட்டது. (நடக்கும்போது எந்தக் காலை முதலில் வைப்பது என்று யோசித்துப் பாருங்கள், புரியும்.)

அதன்பின் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தினேன். அப்புறம் கோயிலுக்கு. அப்புறம் கடைக்கு. வெளியே போகவேண்டும் என்று செருப்பு மாட்டுவேன். கதவில் இருக்கும் லென்ஸ் துளை வழியாக, வீடுகளுக்கு நடுவே உள்ள நடையைப் பார்ப்பேன். இன்றைக்கு வேண்டாம், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று செருப்பைக் கழற்றுவேன். இருட்டுகிற நேரத்தில் மட்டும், யாரும் இருக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில், வெண்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மொட்டை மாடியில் நடப்பேன். வெள்ளை நைட்டி. நைட்டியில் எனக்கு இருந்த ரசனை அவ்வளவுதான்.

ஒருநாள் நாத்தனார் ரம்யா வந்தாள். அவளைப் பார்த்ததும் வெண்பா வீறிட்டாள் பாருங்கள், நீலமாகிவிட்டாள். ரம்யா குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகுதான் வெண்பா மூச்சு விட்டாள்.

"அண்ணி, இவ உங்க ரெண்டு பேரைத் தவிர வேற மூஞ்சியே பாத்ததில்லையா?" என்று உள்ளிருந்தே கேட்டாள் ரம்யா.

அந்தக் காதுகுத்துக்குப் பிறகு உண்மையிலேயே பார்த்ததில்லை. நான் என்னை மட்டும் அடைத்து வைத்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். கூடவே இன்னொருத்தியையும் அடைத்து, அவளுக்கு உலகம் என்றாலே பயம் என்று பாடம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன். இந்த வீட்டில் வளர்ந்தால் இவள் என்ன ஆவாள்?

போகும்போது ரம்யா என் போனில் ஒரு அனிமே தொடரை வைத்துவிட்டுப் போனாள். அனிமே என்றால் ஜப்பான்காரர்களின் கார்ட்டூன். "பாருங்க அண்ணி. உங்க வாழ்க்கை வரலாறு. ஜப்பான்ல எடுத்து வெச்சிருக்கான்" என்றாள்.

கார்ட்டூன்தானே என்று ஆரம்பித்தேன். இருபதைத் தாண்டிய ஒரு பையன். அறையை விட்டு வெளியே வருவதில்லை. அம்மா சாப்பாட்டுத் தட்டை வாசலில் வைத்துவிட்டுப் போவாள். அவள் காலடி மறைந்த பிறகு கதவு கொஞ்சம் திறக்கும், ஒரு கை வரும், தட்டு உள்ளே போகும். அவன் தினமும் சாவித் துவாரம் வழியாக வெளியே பார்ப்பான். ஒவ்வொரு நாளும் அந்த நடை கொஞ்சம் நீண்டிருக்கும். நேற்று தெரிந்த படிக்கட்டு இன்று தெரியாது. பின்னணியில் இசைகூடக் கிடையாது, அவன் மூச்சு மட்டும். நான் போனை நிறுத்திவிட்டு எங்கள் கதவின் லென்ஸில் கண்ணை வைத்தேன். எங்கள் நடையும் கொஞ்சம் நீண்டிருந்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நீண்டிருந்தது.

அதிலிருந்து தினமும் அந்தியில் மாடி நடை முடிந்ததும் அதுதான் வேலை. வெண்பா தூங்க வேண்டுமே என்று விளக்கை அணைத்துவிட்டு, போனை அரிசி டப்பா மேல் சாய்த்து வைத்துப் பார்ப்பேன். அந்தப் பையன் கதவைப் பார்த்துத் தினமும் ஒரு வரி சொல்வான். "இன்றைக்கு முடியும்" என்று அர்த்தமாம். நானும் அவனோடு சேர்ந்து, ஜப்பானிய மொழியிலேயே, என் கதவைப் பார்த்துச் சொல்வேன். ஒருமுறை அல்ல, திரும்பத் திரும்ப. ஏற்ற இறக்கத்தோடு. (எம்.காம். முதல் வகுப்பு. ஞாபகப்படுத்துகிறேன்.)

அப்போதுதான் விபரீதங்கள் தொடங்கின.

முதலில் ஓர் எலுமிச்சம்பழம். காலையில் கதவைத் திறந்து துடைப்பத்தை வெளியே வைக்கப் போனபோது வாசலில் இருந்தது. இரண்டாக நறுக்கி, குங்குமம் தடவி. கதவைப் பட்டென்று சாத்தினேன்.

பிரகாஷிடம் சொன்னேன். "எவனாச்சும் புது வண்டிக்குப் பூஜை போட்டிருப்பான்" என்றார்.

"மூணாவது மாடிக்கு வண்டி எப்படிங்க வரும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "லிஃப்ட்ல" என்று சொல்லிவிட்டுத் தூங்கிவிட்டார்.

அடுத்து, படிக்கட்டில் உடைந்த பூசணிக்காய். பிறகு எங்கள் வாசலுக்குக் குறுக்கே சாம்பலால் ஒரு கோடு. அந்தியில் மாடியில் நடந்துவிட்டு இறங்கும்போது கீழ்ப் படியில் யாரோ முணுமுணுப்பது போல இருக்கும். நான் நின்றால் அதுவும் நிற்கும். ஒருமுறை மணிச் சத்தம் கேட்டது, கோயிலில் அடிப்பார்களே, சின்ன மணி. ஆளே இல்லாத கட்டடத்தில் மணியை யார் அடிப்பது?

யாரோ எனக்குச் செய்வினை வைக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். படித்தவள் என்பதால் முதலில் அதை நம்பவில்லை. மூன்று இரவு தூங்காமல் கிடந்த பிறகு நம்பினேன். மாடி நடையை நிறுத்தினேன். லென்ஸ் துளையில் பஞ்சை அடைத்தேன். அடைத்த பிறகு, வெளியே இருந்து யாராவது அந்தப் பஞ்சைத் தள்ளுவார்களோ என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இப்படியே விட்டால் நான் முடிந்தேன் என்று எனக்குத் தெரிந்தது. நான் போனால் போகிறது. வெண்பா?

அந்தத் தொடரின் கடைசிப் பாகத்தைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்திருந்தேன். அமாவாசையன்று மத்தியானம் துணிந்து பார்த்தேன். அந்தப் பையன் கதவின் தாழ்ப்பாளில் கை வைக்கிறான். பாகம் முழுக்கக் கை அங்கேயே இருக்கிறது. அவனுடைய அம்மா செத்துப்போய்விட்டாளோ, வெளியே யாருமே இல்லையோ என்று நமக்குத் தோன்ற ஆரம்பிக்கிறது. அப்போது யாரோ மெதுவாகத் தட்டுகிறார்கள். அவன் திறக்கிறான். வெளியே யாரும் இல்லை. நடை வெறும் நாலடிதான். வந்துவிட்ட பாவத்துக்கு அவன் நடக்க ஆரம்பிக்கிறான். அவ்வளவுதான் கதை. நான் அழுத அழுகையில் வெண்பா எழுந்து என் முகத்தைத் துடைத்தாள். துடைத்தாள் என்றால், கன்னத்தில் அறைந்தாள். அந்த வயதில் இரண்டும் ஒன்றுதான்.

முடிவெடுத்தேன். இன்று மாலை கீழே இறங்குவேன். யார் எதிரில் வந்தாலும் பேசுவேன். என்ன பேசுவது? கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தேன். பணிவாகவும் இருக்க வேண்டும், குறை சொல்வது போலவும் இருக்கக் கூடாது. கடைசியில் இப்படி வந்தது: "நான் ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன். நீங்கதான் என்னைப் பாக்கல."

நல்ல வாக்கியமாகத்தான் தோன்றியது.

முதல் முறை நாலு பேரைப் பார்க்கப் போகிறோம், சுத்தமாகப் போக வேண்டாமா? வெண்பாவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். திருஷ்டி பட்டுவிடுமே என்று கன்னம், நெற்றி, உள்ளங்கால், எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் மை வைத்தேன். நானும் தலைக்குக் குளித்தேன். சாம்பிராணி போட்டு அவளுக்கும் எனக்கும் தலைக்குப் புகை காட்டிக்கொண்டிருந்தேன். செய்வினைக்கும் நல்லது என்று இரண்டு பிடி அதிகமாகவே போட்டேன். வீடு முழுக்கப் புகை. முடி உலரட்டும் என்று விரித்து விட்டிருந்தேன். உடுப்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை, வெள்ளை நைட்டி.

அப்போதுதான் கேட்டது.

தட்டல். விரல் மடக்கித் தட்டுகிற சத்தம். மெதுவாக. கொஞ்சம் இடைவெளி. மறுபடி மெதுவாக. அவசரமே இல்லாத தட்டல். உள்ளே இருப்பவள் எழுந்து வர நேரமாகும் என்று தெரிந்த ஒருவர் தட்டுவது போல.

இடுப்பில் இருந்த வெண்பா கதவைப் பார்த்துக் கையை நீட்டினாள்.

பஞ்சை எடுத்துவிட்டு லென்ஸில் பார்த்தேன். நடையில் விளக்கு இல்லை. இருட்டு. அந்த இருட்டில், ஆள் உயரத்துக்கு, ஒரு சுடர் மட்டும் மிதந்துகொண்டிருந்தது.

இப்போது நினைத்தாலும் எனக்குப் புரியவில்லை, ஏன் திறந்தேன்? தாழ்ப்பாளில் கை வைத்தது நினைவிருக்கிறது. அந்த ஜப்பானிய வரியைச் சொன்னதும் நினைவிருக்கிறது. சத்தமாகவே சொன்னேன். பிறகு கதவைத் திறந்தேன். எனக்கு முன்னால் புகை வெளியே போனது. அதன் பின்னால், முடியை விரித்துக்கொண்டு, முகமெல்லாம் மைப்புள்ளி வைத்த ஒரு குழந்தையோடு, நான்.

வெளியே நடையின் நடுவில் ஏழுமலை அண்ணன் நின்றிருந்தார். தலைக்கு மேல் தூக்கிய பூசணிக்காய். அதன் மேல் எரியும் கற்பூரம். பக்கத்தில், இந்த நிலத்துக்கு முன்னாள் சொந்தக்காரியும் இப்போது முதல் மாடியில் இருப்பவருமான செல்வி அக்கா, கையில் வேப்பிலையோடு. படிக்கட்டுத் திருப்பத்தில், ஓடுவதற்கு வசதியாக ஒரு காலைக் கீழ்ப்படியில் வைத்தபடி, இரண்டாவது மாடி மும்தாஜ் அக்கா.

நான் ஒத்திகை பார்த்த வாக்கியத்தைச் சொன்னேன்.

"நான் ரொம்ப நாளா இங்கதான் இருக்கேன். நீங்கதான் என்னைப் பாக்கல."

ஏழுமலை அண்ணன் போட்ட சத்தம் பட்டாபிராமுக்குக் கேட்டிருக்கும். பூசணிக்காயை விட்டுவிட்டு, "எம்மோவ்! பேசுது! தமிழ்ல பேசுது!" என்று கத்திக்கொண்டே ஓடினார். பூசணி அவருக்குப் பின்னாலேயே படிப்படியாகக் குதித்து இறங்கியது. பேய் துரத்துவதாக நினைத்து அவர் இன்னும் வேகமெடுத்தார். செல்வி அக்கா வேப்பிலையை என் முகத்தில் வீசிவிட்டுத் திரும்பினார், பூசணிச் சாறில் வழுக்கி உட்கார்ந்தார். "ஐயோ என் காலு! யம்மா தாயே, எங்க நெலத்த வித்தது என் கொழுந்தன், என்ன உட்டுடு!" என்று என் கணுக்காலையே பிடித்துக்கொண்டார். அவர் கத்தியதைப் பார்த்து நானும் கத்தினேன்.

கத்தாதவள் ஒருத்திதான். வெண்பா சிரித்தாள். சும்மா சிரிப்பு இல்லை, வயிறு குலுங்க, விக்கல் வருகிற சிரிப்பு. அந்நிய முகம் பார்த்தால் நீலமாகிவிடும் என் மகள், செல்வி அக்காவைப் பார்த்துக் கைதட்டிச் சிரித்தாள்.

படிக்கட்டுத் திருப்பத்தில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. மும்தாஜ் அக்கா.

"செல்வி, கத்தாதடி. கொழந்தையப் பாரு."

"நான் பாக்க மாட்டேன், நீ பாரு!"

"டயப்பர் கட்டிக்கீது. பேய்க்கு எதுக்குடி டயப்பரு?"

செல்வி அக்கா அழுகையை நிறுத்தி, நிமிர்ந்து, வெண்பாவின் டயப்பரை நிதானமாகப் பார்த்தார். பிறகு என் காலை விட்டார். "ஏம்மா, நீ உசுரோட கீறியா?" என்று கேட்டார்.

"இருக்கேங்க்கா" என்றேன். சொன்னதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. வெகு நாளாக யாரும் என்னை அப்படிக் கேட்கவில்லை.

எல்லாம் மெதுவாகத் தெரியவந்தது. காலி வீட்டில் அந்தியானால் நீல வெளிச்சம் தெரியுமாம். குழந்தை அழுமாம். மொட்டை மாடியில் வெள்ளையாக ஒன்று நடக்குமாம், ஏ பிளாக்கில் பாதிப் பேர் பார்த்திருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேல், ஒரு பொம்பளைக் குரல் தெரியாத பாஷையில் ஒரே மந்திரத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லுமாம்.

"நான் அப்பவே சொன்னேன், மலையாள மாந்திரீகம்னு" என்றார் செல்வி அக்கா, காலைத் தேய்த்துக்கொண்டே.

"மலையாளம் இல்லம்மா, எங்க பூந்தமல்லி கடைக்கு மலையாளத்து ஆளுங்க வருவாங்க, எனக்குத் தெரியும்" என்றார் மும்தாஜ் அக்கா. "இது வேற இன்னாமோ."

"ஜப்பான்" என்றேன்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேய் என்பதே பரவாயில்லை போலிருக்கிறது.

இதற்குப் பிறகு நான் அடியோடு மாறிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மறுநாள் காலை மறுபடியும் செருப்பை மாட்டிக் கழற்றினேன். ஆனால் செல்வி அக்காவுக்குக் கால் சுளுக்கு. வீங்கிவிட்டது. என்னால் விழுந்த மனுஷி. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்காமல் இருக்க முடியுமா? பயத்தை விடக் கடமை பெரிதாக இருந்ததால் தூக்கு வாளியோடு இறங்கினேன். சாம்பாரில் உப்பு சரியா என்று படிக்கட்டில் நின்று யோசித்தேன். சரியில்லை என்று செல்வி அக்கா சொன்னார். ஆனாலும் தலையில் இடி விழவில்லை. மறுநாளும் போனேன். அவர் கால் சரியாவதற்குள் எனக்குப் படிக்கட்டு பழகிவிட்டது. (அவர் கால் எப்போதோ சரியாகிவிட்டது, சாம்பாருக்காக நொண்டினார் என்பது மும்தாஜ் அக்காவின் குற்றச்சாட்டு.) வெண்பா இப்போது நாள் முழுக்க அவர்கள் வீட்டில்தான் குடித்தனம்.

குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் என் பெயர் இன்றைக்கும் "மூணாவது மாடி மோகினி". தண்ணீர் மோட்டார் நிற்காமல் ஓடினால் "மோகினிய ஒரு தபா எட்டிப் பாக்கச் சொல்லுங்கோ" என்று ஏழுமலை அண்ணன் குரல் பதிவு அனுப்புவார். சொந்தக்காரர் யார் வந்தாலும் பிரகாஷ் இந்தக் கதையைச் சொல்லாமல் காபி கொடுக்க விடமாட்டார். "பேயோட குடும்பம் நடத்துறது ஒண்ணும் கஷ்டமில்ல, சாம்பிராணி செலவுதான் அதிகம்" என்று முடிப்பார்.

எல்லோரும் சிரித்து முடித்ததும் நான் கேட்பேன். "சரி, கதவைத் தட்டினது யாரு?"

ஏழுமலை அண்ணன் தட்டவில்லை. கை இரண்டிலும் பூசணிக்காய். செல்வி அக்கா, "உன் கதவு கிட்டயே நாங்க வர்ல, நடு நடையிலயே நின்னுட்டோம்" என்கிறார். மும்தாஜ் அக்கா படியை விட்டே ஏறவில்லை. போனில் தொடர் ஓடிக்கொண்டிருந்திருக்கும் என்பது ரம்யாவின் கட்சி. போன் சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது. காற்று என்கிறார் பிரகாஷ். காற்று விரலை மடக்குமா? வெண்பாவுக்கு இப்போது நன்றாகப் பேச்சு வருகிறது. ஒருநாள் கேட்டேன், அன்னைக்குக் கதவைத் தட்டினது யாருடா கண்ணு என்று. "அம்மா" என்றாள். சாதம் எங்கே என்று கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்வாள், அதனால் கணக்கில் எடுக்கவில்லை. எடுக்கக் கூடாது என்று முயற்சி செய்கிறேன்.

இதையெல்லாம் இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் எதிர் வீட்டுக்கு ஆள் வந்திருக்கிறார்கள். ஒரு மழை நாளில் வந்தார்கள். கணவன் போவதும் வருவதும் தெரிகிறது. உள்ளே ஒரு பெண் இருக்கிறாள், நான் பார்த்ததில்லை. திரைச்சீலை விலகுவதில்லை. அந்தியில் ஜன்னலில் நீல வெளிச்சம். நான் நடையைக் கடக்கும்போது அவர்கள் கதவின் லென்ஸ் துளையில் தெரிகிற சின்ன வெளிச்சப் புள்ளி அணைந்துவிடும். அணைவது என்ன என்று எனக்குத் தெரியும். அது ஒரு கண். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நின்றிருந்தேன். செல்வி அக்கா நேற்று என் காதோரம், "எதிர் வூட்ல இன்னாமோ கீது" என்று ஆரம்பித்துவிட்டார். எலுமிச்சம்பழம் வருவதற்குள் நான் ஏதாவது செய்தாக வேண்டும்.

தினமும் அந்தக் கதவு முன் போய் நிற்கிறேன். விரலை மடக்கிக் கையைத் தூக்குகிறேன். பலமாகத் தட்டினால் அவள் அறைக்கோடிக்கு ஓடிவிடுவாள். மெதுவாகத் தட்டினால் பிரமை என்று நினைத்துக்கொள்வாள். அன்று எனக்குக் கேட்டதே, அவசரமே இல்லாத ஒரு தட்டல், அது எப்படி என்று என் காதுக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. கை அந்தரத்திலேயே நிற்கிறது. நேற்று அப்படி நின்றபோது, அன்று என் கதவைத் தட்டியதும் இதே கைதானோ என்று தோன்றியது. அவசரமாக வீட்டுக்குள் வந்துவிட்டேன்.

அதனால் படிக்கிறவர்களைக் கேட்கிறேன். உங்களில் யாராவது இப்படி ஒரு கதவுக்கு உள்ளே இருந்திருக்கிறீர்களா? உங்களைத் திறக்க வைத்த தட்டல் எப்படி இருந்தது? திறந்ததும் வெளியே நிற்பவள் என்ன சொல்லியிருந்தால் நீங்கள் மறுபடி சாத்தியிருக்க மாட்டீர்கள்? தயவுசெய்து எழுதுங்கள். தலைமுடியைக் கட்டிக்கொண்டு போக வேண்டும் என்பது மட்டும் எனக்கே தெரியும்.